துன்பமும் பலியும்: காணி இழந்தவர்களுக்குத் திருவிவிலியம் சொல்வது என்ன?



கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை, பாலாவி, தில்லையடி, மதுரங்குளி எனப் புத்தளக் கரையோரம் எங்கும் வாழும் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பேச்சில் இரண்டு சொற்கள் அடிக்கடி வருகின்றன. ஒன்று சோதனை, மற்றது தியாகம். ஊரை விட்டு வந்தது இறைவன் தந்த சோதனை, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் முதியவர்கள் சொல்கிறார்கள். இனத்துக்காக, நாட்டுக்காக, அபிவிருத்திக்காக எல்லோரும் தியாகம் செய்யத்தான் வேண்டும் என்று மேடைகளில் சொல்கிறார்கள்.

இச்சொற்கள் சிலருக்கு ஆறுதல் தருகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உழுத நிலத்தை இழந்த ஒரு கமக்காரரிடம் இவற்றைச் சொல்லும்போது, "இனிக் கேள்வி கேட்காதே" என்ற பொருளும் சேர்ந்து வந்துவிடுகிறது. துன்பம் எல்லாம் இறைவனின் விருப்பமா? இழப்பு எல்லாம் தியாகம் ஆகுமா? இக்கேள்விகளுக்குத் திருவிவிலியம் என்ன விடை தருகிறது என்று இக்கட்டுரையில் பார்ப்போம். இவ்விதழைப் படிப்பவர்களில் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இந்துக்களும் உள்ளனர். ஆகவே ஒரு மதத்தாருக்கு மட்டும் விளங்கும் மொழியில் பேசாமல், இயன்றவரை எல்லோருக்கும் பொதுவான முறையில் விளக்க முயல்கிறோம்.

எமது கரையின் இழப்புகள்

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்தின் முஸ்லிம் மக்கள் அனைவரையும் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் தம் ஊர்களை விட்டு நீங்கினர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் நாள் கொடுக்கப்பட்ட தவணை இரண்டு மணி நேரமே. மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையை வந்தடைந்தனர். முசலிப் பகுதியின் வயல்களையும் மாடுகளையும் விட்டு வந்தவர்கள் இங்கே கிடுகுக் கொட்டில்களில் தங்கி, பிறர் தோட்டங்களில் வெங்காயம் பிடுங்கும் கூலிகளாயினர்.

இழந்தவர்கள் இவர்கள் மட்டும் அல்லர். வில்பத்துக் காட்டின் வட எல்லைக்கு அப்பால் உள்ள முள்ளிக்குளம் என்ற தமிழ்க் கத்தோலிக்கக் கிராமத்தின் மக்கள் 2007ஆம் ஆண்டில் வெளியேற நேர்ந்தது. பின்னர் அங்கே கடற்படை முகாம் அமைந்தது. 2017ஆம் ஆண்டில் மக்கள் போராடிய பின்னரே காணியின் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் எழுந்தபோது, வேறு சில குடும்பங்கள் தம் தோட்டக் காணிகளை விட்டு இடம்மாற வேண்டியதாயிற்று. அந்த நிலையம் 2011ஆம் ஆண்டில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது.

இம்மூன்று நிகழ்ச்சிகளும் ஒரே தன்மையானவை அல்ல. ஆயினும் ஒன்று பொதுவானது. இழந்தவர்களிடம் "தருகிறீர்களா?" என்று யாரும் மனப்பூர்வமாகக் கேட்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு விவிலியத்தைத் திறப்போம்.

துன்பம் தண்டனையா?

"நாங்கள் என்ன பாவம் செய்தோம்?" என்பதே முதலில் எழும் கேள்வி. இக்கேள்விக்கென்றே விவிலியத்தில் ஒரு முழு நூல் உண்டு. அது யோபுவின் நூல். முஸ்லிம் அன்பர்கள் ஐயூப் நபி என்று அறிந்திருப்பவர் இவரே. மாடு, ஆடு, ஒட்டகம், பிள்ளைகள், உடல்நலம் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இழந்தார். நண்பர்கள் மூவர் வந்தனர். ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவருடன் தரையில் அமர்ந்திருந்தனர். அது வரையில் அவர்கள் செய்தது நல்ல காரியம். வாய் திறந்த பின்னரே தவறினர். நீ ஏதோ குற்றம் செய்திருக்கிறாய், அதனால்தான் இந்த அடி என்று வாதாடினர். யோபு அதை ஏற்கவில்லை. இறைவனையே வழக்குக்கு அழைத்தார். நூலின் முடிவில் இறைவன் யாரைக் கண்டித்தார்? தம்மைக் கேள்வி கேட்ட யோபுவை அவரும் கேள்வி கேட்டார். ஆனால் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசாதவர்கள் என்று கோபித்தது, தமக்காகப் பரிந்து பேசிய அந்த நண்பர்களைத்தான்.

புதிய ஏற்பாட்டில் இயேசுவிடமும் இக்கேள்வி வந்தது. பிலாத்து சில கலிலேயரைக் கொன்றான். சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தனர். மற்றவர்களைவிட இவர்கள் பெரிய பாவிகளா? இல்லை என்று இயேசு வெளிப்படையாகச் சொன்னார். இதை லூக்கா 13ஆம் அதிகாரத்தில் காணலாம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டு, இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோதும் அவர் இரண்டையும் மறுத்தார். யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரம் இதைக் கூறுகிறது.

ஆகவே முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளையிடம், உன் குடும்பத்தின் மேல் சாபம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது விவிலியத்தின் போதனை அன்று. யோபுவின் நண்பர்கள் செய்த தவறு அது.

அழுவது அவிசுவாசமா?

இரண்டாவது தவறான எண்ணம், நம்பிக்கையுள்ளவன் முறையிடக்கூடாது என்பது. விடுதலைப் பயண நூலின் 3ஆம் அதிகாரத்தில் இறைவன் மோசேயிடம் தம்மைப் பற்றிச் சொல்லும்போது நான்கு செயல்களைக் குறிப்பிடுகிறார். எகிப்தில் அடிமைப்பட்ட மக்களின் துன்பத்தைக் கண்டார், அவர்களது கூக்குரலைக் கேட்டார், அவர்கள் படும் வேதனையை அறிந்தார், விடுவிக்க இறங்கி வந்தார். மக்கள் கூக்குரலிட்டதால்தான் அந்த வரலாறு தொடங்குகிறது.

எருசலேம் நகர் கி.மு. 587ஆம் ஆண்டளவில் பாபிலோனியரால் அழிந்த பின் பாடப்பட்டது புலம்பல் என்ற சிறு நூல். அதன் 5ஆம் அதிகாரத்தை எமது வாசகர்கள் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். தம் உரிமைச் சொத்து அந்நியர் கைக்குப் போய்விட்டது, குடிக்கும் தண்ணீருக்கும் எரிக்கும் விறகுக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அம்மக்கள் இறைவனிடம் கணக்குச் சொல்லி அழுகிறார்கள். தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடித்த எம் குடும்பங்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. இந்தப் புலம்பலைத் திருச்சபை ஒதுக்கிவிடவில்லை. புனித வார வழிபாட்டில் அதற்கு இடம் கொடுத்து வைத்திருக்கிறது.

இன்னொருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஆகார் என்ற அடிமைப் பெண். முஸ்லிம்கள் அன்னை ஹாஜரா என்று போற்றுபவர் அவரே. தொடக்க நூலின் 21ஆம் அதிகாரத்தின்படி, கொஞ்சம் அப்பமும் ஒரு தோற்பை தண்ணீரும் கொடுத்து அவரையும் பிள்ளையையும் வீட்டிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பாலைவனத்தில் தண்ணீர் தீர்ந்தது. பிள்ளை சாவதைக் காண மாட்டேன் என்று தள்ளிப்போய் அமர்ந்து அழுதார். இறைவன் பிள்ளையின் குரலைக் கேட்டார். தாயின் கண்களுக்கு ஒரு கிணறு தெரிந்தது. இஸ்லாமிய மரபில் ஸம்ஸம் ஊற்றின் வரலாறும் இத்தாயின் ஓட்டத்தோடும் தாகத்தோடும் இணைந்தது. அதற்கு முன்னர் 16ஆம் அதிகாரத்தில், இதே ஆகார் இறைவனுக்கு ஒரு பெயர் சூட்டுகிறார்: காண்கின்றவர் என்பது அதன் பொருள். விவிலியத்தில் இறைவனுக்குப் பெயரிட்ட முதல் ஆள், வீட்டை விட்டு ஓடிய ஒரு அடிமைப் பெண் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பலி என்ற சொல்

இனிப் பலிக்கு வருவோம். தமிழில் பலி என்றதும் வெட்டும் கத்தியும் இரத்தமுமே நினைவுக்கு வருகின்றன. பலிக்கடா, உயிர்ப்பலி என்ற வழக்குகளும் அப்படியே. எபிரேய மொழியில் காணிக்கைக்கும் பலிக்கும் உள்ள பொதுச் சொல் கொர்பான். அரபு மொழியின் குர்பான் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். ஹஜ்ஜுப் பெருநாளில் கொடுக்கும் குர்பானியை எமது அயலவர் எல்லோரும் அறிவர். இவ்வேர்ச்சொல்லின் பொருள் நெருங்குதல் என்பது. இறைவனை நெருங்குவதற்காகக் கையில் எடுத்துச் செல்வது எதுவோ அதுவே பலி.

பழைய ஏற்பாட்டின் பலிமுறைகள் பெரும்பாலும் கமக்காரரின் வாழ்விலிருந்து எழுந்தவை. இணைச்சட்ட நூல் 26ஆம் அதிகாரம் சொல்லும் முதற்கனிக் காணிக்கையைப் பாருங்கள். நிலத்தின் முதல் விளைச்சலை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு விவசாயி குருவிடம் செல்கிறான். அங்கே அவன் ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். என் மூதாதை நாடோடியாய் அலைந்தவர், எகிப்தில் அந்நியராய் வாழ்ந்தோம், ஒடுக்கப்பட்டோம், கூக்குரலிட்டோம், இறைவன் எம்மை இந்நிலத்துக்குக் கொண்டுவந்தார் என்று வாய்விட்டுச் சொல்லிய பின்னரே கூடை வைக்கப்படுகிறது. அதன்பின் அந்த மகிழ்ச்சியில் ஊரில் தங்கியிருக்கும் அந்நியரும் பங்குகொள்ள வேண்டும் என்கிறது சட்டம். அகதியாய் இருந்ததை மறக்காதவனே நல்ல காணிக்கை கொடுக்க முடியும் என்பது இதன் கருத்து.

ஏழைகளுக்கு இச்சட்டம் பாரமாக இருக்கவில்லை. ஆடு கொடுக்க வசதியற்றவர் இரண்டு புறாக் குஞ்சு கொடுக்கலாம், அதற்கும் வழியில்லாதவர் ஒரு படி மாவு கொடுக்கலாம் என்று லேவியர் நூல் 5ஆம் அதிகாரம் கூறுகிறது. இயேசு குழந்தையாய் இருந்தபோது மரியாவும் யோசேப்பும் கோவிலில் கொடுத்தது ஏழைகளுக்கு என விதிக்கப்பட்ட அந்தப் பறவைக் காணிக்கையே. தானியக் காணிக்கை ஒவ்வொன்றிலும் உப்புச் சேர்க்க வேண்டும் என்பது இன்னொரு விதி. புத்தளத்து உப்பளங்களில் வெயிலில் நின்று உழைப்பவர்களுக்கு, தம் கைப்பொருளும் பலிபீடத்தில் இருந்தது என்பது மகிழ்ச்சி தரும் செய்தி. அறுவடையின்போது வயல் ஓரத்தை அறுக்காமல் விடுதல், மறந்த கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதிருத்தல் ஆகியவையும் அதே திருச்சட்டத்தின் பகுதிகள். அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை.

ஆபிரகாம், அதாவது இப்ராஹீம் நபி, தம் மகனைப் பலியிடச் சென்ற வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். எந்த மகன் என்பதில் இரு மரபுகளும் வேறுபடலாம். முடிவில் வேறுபாடு இல்லை. இறைவன் கையைத் தடுத்தார், பிள்ளை உயிருடன் வீடு திரும்பியது. இறைவனுக்குச் சென்று சேர்வது இறைச்சியும் இரத்தமும் அல்ல, உள்ளத்தின் இறையச்சமே என்ற கருத்தைத் திருக்குர்ஆனும் 22ஆம் அத்தியாயத்தில் போதிக்கிறது. பிள்ளைகளைப் பலி கேட்பவர் யாராக இருந்தாலும், அவர் ஆபிரகாமின் இறைவனுடைய பெயரால் பேசவில்லை.

பிறர் பொருளில் கொடுக்கும் பலி

ஆமோஸ், ஓசேயா, எசாயா, மீக்கா ஆகிய இறைவாக்கினர் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் பேசியவர்கள். நீதி இல்லாத நாட்டில் செலுத்தப்படும் பலிகளை இறைவன் அருவருக்கிறார் என்று அவர்கள் அறைந்து கூறினர். வழிபாட்டை வேண்டாம் என்று சொல்வது அவர்களது நோக்கம் அன்று. ஏழையின் காணியைப் பறித்த கையால் பீடத்தில் எண்ணெய் ஊற்ற முடியாது என்பதே அவர்களது வாதம்.

சீராக் ஞான நூலின் 34ஆம் அதிகாரம் இதை இன்னும் கடுமையாகச் சொல்கிறது. ஏழைகளின் உடைமையைப் பறித்துப் பலி கொடுப்பது, தந்தையின் கண்முன்னே மகனைக் கொல்வதற்குச் சமம் என்பது அதன் கருத்து. ஸ்பானிய குருவான பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் என்பவர் 1514ஆம் ஆண்டில் கியூபாத் தீவில் மறையுரைக்காக ஆயத்தம் செய்தபோது இப்பகுதியைப் படித்தார். அவரிடமே அத்தீவின் பழங்குடி மக்கள் கட்டாய வேலையாட்களாக இருந்தனர். அம்மக்களை விடுவித்துவிட்டு, எஞ்சிய வாழ்நாளை அவர்களது உரிமைக்காக வாதாடுவதில் கழித்தார்.

காணி பறிப்பைப் பற்றி விவிலியம் சொல்லும் தெளிவான வரலாறு நாபோத்தினுடையது. அரசர்கள் முதல் நூல் 21ஆம் அதிகாரத்தில் அது உள்ளது. அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அரசன் ஆகாபு அதைக் கேட்டான். அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன் அல்லது பணம் தருகிறேன் என்றான். இது என் முன்னோரின் உரிமை, தரமாட்டேன் என்றார் நாபோத்து. பொய்ச் சாட்சிகளை வைத்து அவரைக் கல்லெறிந்து கொன்றார்கள். அரசன் தோட்டத்தைக் கையேற்கச் சென்றபோது எலியா வந்து நின்றார். நாபோத்து நாட்டுக்காகத் தியாகம் செய்தார் என்று எலியா சொல்லவில்லை. கொலையும் களவும் செய்தாய் என்றுதான் அரசனின் முகத்துக்கு நேரே சொன்னார்.

இயேசுவின் வழக்கிலும் இந்தப் பேச்சு வருகிறது. மக்கள் எல்லோரும் அழியாதிருக்க ஒரு மனிதன் சாவது நல்லது என்று தலைமைக் குரு கயபா ஆலோசனை சொன்னார். யோவான் 11ஆம் அதிகாரத்தில் இது உள்ளது. பெரிய காரியத்துக்காக ஒரு சிறிய கூட்டத்தை இழக்கலாம் என்ற கணக்கு இது. 1990இல் ஒரு முழுச் சமூகத்தை வெளியேற்றியவர்களும் இக்கணக்கையே போட்டார்கள். அபிவிருத்தி என்ற பெயரில் சில குடும்பங்களை அகற்றும்போதும், நட்டஈடும் மறுவாழ்வும் முறையாகக் கொடுக்கப்படாவிட்டால், கணக்கு அதுவே. இங்கே ஒரு அளவுகோல் எமக்குக் கிடைக்கிறது. தன்னுடையதைத் தானாகக் கொடுப்பது தியாகம். இன்னொருவருடையதை எடுத்துக் கொடுத்துவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயரிட எவருக்கும் உரிமை இல்லை.

சிலுவை

அப்படியானால் இயேசுவின் சிலுவைப் பலியை எப்படி விளங்கிக்கொள்வது? கடவுள் இரத்தத்தைக் கேட்டார், மகன் கொடுத்தார் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நற்செய்திகள் அப்படிச் சொல்லவில்லை.

முதலாவது, இயேசு துன்பத்தைத் தேடிப் போகவில்லை. குழந்தைப் பருவத்தில் ஏரோதின் வாளுக்குத் தப்ப, பெற்றோர் அவரை எகிப்துக்குக் கொண்டு ஓடினர். அகதி வாழ்வுடனேயே அவர் வாழ்க்கை தொடங்கியது. கெத்சமனித் தோட்டத்தில் இத்துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்று மன்றாடினார். விசாரணையில் காவலன் அறைந்தபோது, ஏன் அடிக்கிறாய் என்று காரணம் கேட்டார். சிலுவையில் தொங்கியபோது, கைவிடப்பட்டவனின் திருப்பாடலை உரக்கச் சொன்னார்.

இரண்டாவது, நோயாளரைக் குணப்படுத்தியும், ஒதுக்கப்பட்டோருடன் உணவருந்தியும், கோவில் வியாபாரத்தைக் கண்டித்தும் அவர் நடந்த வழிதான் அவரைச் சிலுவைக்குக் கொண்டுபோனது. அவ்வழியை விட்டுத் தப்பியிருக்கலாம். அவர் விடவில்லை. என் உயிரை என்னிடமிருந்து யாரும் பறிப்பதில்லை, நானாகவே கொடுக்கிறேன் என்ற கருத்தை யோவான் 10ஆம் அதிகாரத்தில் அவரே சொல்கிறார். கொன்றவர்களின் செயல் பாவம். கொடுத்தவரின் அன்பு பலி. ஒரே சிலுவையில் இரண்டும் இருந்தன, ஆனால் இரண்டும் ஒன்று அல்ல.

மூன்றாவது, இறைவன் அச்சாவை அப்படியே விட்டுவிடவில்லை. உயிர்ப்பு என்பது, குற்றவாளி எனத் தீர்ப்பிடப்பட்டவரை இறைவன் நியாயப்படுத்தியது. எபிரேயருக்கு எழுதிய திருமுகம் இப்பலி ஒரே முறை நிகழ்ந்தது, இனிப் பலி தேவையில்லை என்று விளக்குகிறது. அதே திருமுகத்தின் 13ஆம் அதிகாரம், இயேசு நகர வாயிலுக்கு வெளியே துன்புற்றார் என்று நினைவூட்டி, நன்மை செய்வதும் உள்ளதைப் பகிர்வதும் இனி இறைவன் விரும்பும் பலிகள் என்று முடிக்கிறது.

இந்தப் பலியை வாழ்ந்து காட்டியவர் ஒருவர் எமது புத்தளத்திலும் தங்கியிருந்தார். கோவாவிலிருந்து 1687இல் கூலியாளின் வேடத்தில் இலங்கைக்கு வந்த புனித யோசேப் வாஸ் அடிகள், யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரின் கெடுபிடி மிகுந்தபின் 1690இல் புத்தளம் வந்தார். இங்கிருந்து 1692இல் கண்டி சென்றவரை, போர்த்துக்கேய ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து, 1697இல், கண்டியில் அம்மைநோய் பரவியபோது உறவினரே நோயாளரைக் கைவிட்டனர். வாஸ் அடிகள் வீடுகளை எடுத்து, மதம் பாராமல் நோயாளரைப் பராமரித்தார், இறந்தவரை அடக்கம் செய்தார். 1711இல் மரித்த அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பில் புனிதராக அறிவித்தார். சிறை அவருக்கு மற்றவர்கள் இழைத்த துன்பம். நோயாளரின் வீட்டுக்குள் சென்றது அவராகச் செய்த பலி.

அண்மைக் காலத்தில் அருட்தந்தை மைக்கல் ரொட்றிகோ அமதி அவர்களையும் சொல்லலாம். ஊவாவின் புத்தல பகுதியில் உள்ள அளுகல்விட்ட கிராமத்தில், பௌத்த விவசாயிகளின் நடுவே 1980 முதல் எளிய வாழ்வு வாழ்ந்து, அவர்களது நிலவுரிமைக்குத் துணை நின்றார். 1987 நவம்பர் 10ஆம் நாள் மாலை, திருப்பலி ஒப்புக்கொடுத்த வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆபத்து இருப்பதை அறிந்தும் அவர் அக்கிராமத்தை விட்டுப் போகவில்லை.

எரேமியாவின் இரண்டு செயல்கள்

இனி நாம் என்ன செய்வது? இங்கே வேரூன்றுவதா, ஊருக்குத் திரும்புவதா என்ற கேள்வி யுத்தம் 2009 மே மாதம் முடிந்த பின் பல வீடுகளில் தகப்பனையும் மகனையும் பிரித்துவிட்டது. இங்கே எரேமியா இறைவாக்கினர் நல்ல துணை. நாடு கடத்தப்பட்டுப் பாபிலோனில் இருந்தவர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனை உண்ணுங்கள், நீங்கள் இருக்கும் நகரின் நலனை நாடுங்கள் என்றார். இது 29ஆம் அதிகாரம். ஆனால் 32ஆம் அதிகாரத்தில், பகைவரின் படை எருசலேமைச் சூழ்ந்து நிற்கும் வேளையில், அவரே அனத்தோத்து என்ற தம் ஊரில் 17 வெள்ளிச் செக்கேல் கொடுத்து ஒரு நிலத்தை வாங்குகிறார். சாட்சிகள் முன் உறுதி எழுதி, நெடுநாள் கெடாமல் இருக்கும்படி மண்சாடியில் வைத்துக் காக்கச் சொல்கிறார். இந்நாட்டில் மீண்டும் வயல்கள் வாங்கப்படும் என்பதற்கு அது அடையாளம்.

இருக்கும் இடத்தில் பயிரிடுவதும், இழந்த இடத்தின் உறுதியைக் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. எரேமியா இரண்டையும் செய்தார். எனவே காணி உறுதி, அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம் ஆகியவற்றை வைத்திருப்போர் பிரதிகள் எடுத்து வேறு இடத்திலும் வைத்திருங்கள். உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள். எமது சட்டப்படி பிறர் ஒரு காணியை 10 ஆண்டு தடையின்றி ஆண்டுவந்தால் உரிமை கோர இடமுண்டு. யுத்தத்தால் வெளியேறியவர்களுக்கு இது அநீதியானபடியால்தான் 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஊரில் எல்லை அடையாளங்களை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

இக்கரையில் எமது பலி

நாமாக விரும்பிக் கொடுக்கக்கூடியவை என்னென்ன? கற்பிட்டி மணலின் கீழ் நல்ல தண்ணீர் மெல்லிய படையாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிகுதி மணலூடாகக் கிணற்றுக்கு இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை நைத்திரேற்று தாண்டிய கிணறுகள் இக்குடாநாட்டில் உண்டு. அத்தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து. ஆகவே ஒரு மூட்டை யூரியாவைக் குறைத்து மாட்டெருவும் கூட்டெருவும் இடுவது, பம்பை ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்துவது, அயல் வீட்டுக் குழந்தைக்காக நாம் கொடுக்கும் காணிக்கை. காட்டுக் கிணற்றில் தண்ணீர் கண்ட ஹாஜராவின் பிள்ளைகளுக்கும் ஆகாரின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கும் கிணறு ஒரு புனிதப் பொருள்.

இரண்டாவது, வந்தவரும் வரவேற்றவரும் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டியது. 1990இல் இங்குள்ளவர்கள் பள்ளிவாசலையும் பாடசாலையையும் வீட்டு முற்றத்தையும் திறந்து கொடுத்தனர். பின்னர் வேலைக்கும் தண்ணீருக்கும் பாடசாலை இடத்துக்கும் போட்டி வந்து மனக்கசப்பும் வந்தது. அந்த முதல் வாரங்களில் அவர்கள் கொடுத்தது இல்லாததிலிருந்து கொடுத்தது என்பதை வந்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வந்தவர்களின் உழைப்பால் தரிசு மணல் தோட்டமானது என்பதை இங்குள்ளவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பழிவாங்காதிருத்தல். 2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழாவில், கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்களிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் வேறிடங்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் எமது வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. அக்குற்றத்தில் பங்கே இல்லாத அக்குடும்பங்கள் அதற்குப் பலியாக்கப்பட்டன. இதுவும் கயபாவின் கணக்கே. ஆபேலின் இரத்தம் பழி கேட்டது, இயேசுவின் இரத்தம் அதைவிட மேலானதைப் பேசுகிறது என்று எபிரேயர் திருமுகம் 12ஆம் அதிகாரத்தில் கூறுகிறது. நீதியைக் கேட்பது எமது கடமை. அதைக் குற்றம் செய்தவரிடம் சட்டத்தின் வழியாகக் கேட்க வேண்டும். அதே பெயரும் உடையும் கொண்ட அயலவரிடம் கேட்பதற்கு இல்லை.

குழுவாகச் சிந்திக்க

மாதர் சங்கங்களிலும் கமக்காரர் கூட்டங்களிலும் இக்கட்டுரையை வாசித்த பின் பின்வரும் கேள்விகளைக் கலந்துரையாடலாம்.

1. எமது குடும்பம் இழந்தவற்றில் பறிக்கப்பட்டவை எவை? நாமாக விட்டுக்கொடுத்தவை எவை? இரண்டையும் தனித்தனியே பட்டியலிடுங்கள்.

2. "எல்லாம் இறைவன் செயல்" என்று நாம் சொல்லும் காரியங்களில் மனிதர் பொறுப்பேற்க வேண்டியவை உண்டா?

3. எமது காணிப் பத்திரங்கள் எங்கே, யாரிடம் இருக்கின்றன? பிள்ளைகளுக்கு அது தெரியுமா?

4. எமது குடியிருப்பில் எந்தக் கிணறு கடைசியாகப் பரிசோதிக்கப்பட்டது? இவ்வாண்டு எந்தக் கிணற்றைப் பரிசோதிக்கக் கேட்கப் போகிறோம்?

5. வரும் அறுவடையில் வயலோரக் கதிர் போல யாருக்காக எதை விட்டுவைக்கலாம்?